லாரியின் காற்றுப்பை அடிக்கடி கிழிகிறதா? பையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

காலியாகப் போகும் 12 சக்கர, 14 சக்கர லாரிகளில் சில சக்கரங்கள் மட்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். லோடு ஏறியதும் அதே சக்கரங்கள் கீழே இறங்கி, மற்றவற்றோடு சேர்ந்து எடையைத் தாங்கும். இந்த 'லிப்ட் ஆக்சில்' ஏறுவதும் இறங்குவதும் கெட்டியான ரப்பர் பைக்குள் அடைக்கப்படும் காற்றின் வேலை. ஒர்க் ஷாப்பில் இந்தப் பையை 'பெல்லோ' என்பார்கள். 'பலூன்' என்று சொல்வோரும் உண்டு. குளிர்சாதன கன்டெய்னர் வண்டிகள் சிலவற்றில் பின்பக்க ஆக்சில் முழுவதுமே ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதிலாக இந்தப் பைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

விவசாயப் பக்கத்தில் லாரி எதற்கு என்று கேட்கலாம். பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் எட்டு, பத்து ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கைமாற்றும் வண்டிகளை இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், நாலைந்து விவசாயிகள் கூட்டாகவும் வாங்குகிறார்கள். வாடகை லாரிக்குக் காத்திருக்காமல் சொந்த வண்டியில் சரக்கு அனுப்பினால் கையில் நாலு காசு நிற்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஸ்பிரிங் பட்டை லாரியைக் கண்ணை மூடிக்கொண்டு பராமரிக்கத் தெரிந்தவர்கள்கூட இந்தக் காற்றுப்பை விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

பொள்ளாச்சி பக்கம் தென்னை விவசாயிகள் சிலர் சேர்ந்து வாங்கிய பழைய 12 சக்கர லாரியின் கதை இது. வாங்கிய ஓராண்டுக்குள் லிப்ட் ஆக்சிலின் இடதுபக்கப் பை மூன்று முறை போனது. முதல்முறை 'பழசு, போய்விட்டது' என்று புதுப்பை போட்டார்கள். இரண்டாம் முறை 'கம்பெனி சரியில்லை' என்று வேறு பை. மூன்றாம் முறை வடக்கே தேங்காய் லோடு போகும்போது இரவில் வழியிலேயே வெடித்தது. பை போனதோடு நிற்கவில்லை. அதன் வழியாகக் காற்று முழுவதும் வெளியேறி, பிரேக் தானாகவே இறுகி, வண்டி சாலை ஓரத்தில் அசையாமல் நின்றுவிட்டது. இரண்டு இரவுகள் காத்திருந்து, வேறு லாரி பிடித்து, ஆள் வைத்துக் காய்களை மாற்றி ஏற்றினார்கள். தேங்காய் என்பதால் சரக்கு தப்பியது. தக்காளியாக இருந்தால் லாரியோடு கொட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் பையைத் தொடவே இல்லையாம். முதலில் ஏர் டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் திறந்திருக்கிறார். பால் கலந்த டீ போல எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஒரு சொம்பு அளவுக்கு வந்திருக்கிறது. அடுத்து இடதுபக்க ஷாக் அப்சர்பரைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தார். சைக்கிள் பம்பு போல லேசாக வந்துவிட்டது. 'பை உங்களை ஏமாற்றவில்லை. இவை இரண்டும்தான் பையைக் கொன்றிருக்கின்றன' என்றாராம்.

காற்று எப்படிச் சுமக்கிறது?

அந்த மெக்கானிக் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிய, காற்று போகும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினோடு சுழலும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்புகிறது. அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக மாறும். அதைப் பிடிக்க ஏர் டிரையர் என்ற உருளை இருக்கிறது. அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் உள்ளன. உலர்ந்த காற்று டேங்குகளுக்குப் போகும். முதல் உரிமை பிரேக்குக்கு. பிரேக் டேங்கில் போதிய அழுத்தம் ஏறிய பிறகே, பாதுகாப்பு வால்வு ஒன்று திறந்து பைகளுக்குக் காற்றை விடும். பை கிழிந்து காற்று போனாலும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தம் இறங்காமல் அந்த வால்வு மூடி பிரேக்கைக் காப்பாற்ற வேண்டும். பொள்ளாச்சி லாரியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பிரேக் காற்றும் சேர்ந்து போனது. காற்று இல்லாவிட்டால் பின்சக்கர பிரேக்கை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துவிடும். ஓடும் வண்டியில் பிரேக் பிடிக்காமல் போகக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. நடுவழியில் வண்டி நின்றது அதனால்தான்.

முழு ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் உயரக் கட்டுப்பாட்டு வால்வு என்ற ஒன்று உண்டு. சேஸில் பொருத்திய வால்வின் சிறிய கை, ஒரு கம்பியால் ஆக்சிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறி சேஸ் தாழ்ந்தால் கை மேலே போகும், பைக்குக் காற்று ஏறும். லோடு இறங்கி சேஸ் உயர்ந்தால் கை கீழே வரும், காற்று வெளியேறும். எவ்வளவு லோடு ஏற்றினாலும் வண்டியின் உயரம் மாறாமல் இருப்பது இதனால்தான்.

விளைபொருள் ஏற்றுபவருக்கு இதில்தான் லாபம். இரும்புப் பட்டை முழு லோடுக்கு ஏற்ற கெட்டியில் செய்யப்படுகிறது. பாதி லோடு ஏற்றினால் வண்டி கல் மாதிரி துள்ளும். காற்றுப்பையோ லோடுக்குத் தகுந்தபடி தன் கெட்டியை மாற்றிக்கொள்ளும். பழமும் முட்டையும் அடிபடுவது குறையும். (பட்டை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குலுக்கல் அதிகமாக இருப்பது பின் ஆக்சிலுக்கு மேலே, அடுக்கின் உச்சியில். மென்மையான பழத்தை அங்கே வைக்காதீர்கள்.) சாலைக்கும் இது நல்லது. ஐரோப்பிய நாடுகள் 1992-இலேயே காற்று சஸ்பென்ஷன் அல்லது அதற்கு நிகரானது உள்ள சில வகை ஆக்சில்களுக்குச் சற்றுக் கூடுதல் எடையை அனுமதித்து விதி செய்தன.

பையைக் கொல்பவை

தண்ணீரில் தொடங்குவோம். தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். பழைய டிரைவர்கள் சாமி கும்பிடுவது போல இதைச் செய்வார்கள். டிரையர் வந்த பிறகு இந்தப் பழக்கம் விட்டுப்போனது. டிரையர் இருந்தாலும் வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வருவது காற்று மட்டும் என்றால் டிரையர் வேலை செய்கிறது. தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் மணிகள் நனைந்து பயனற்றுப் போய்விட்டன. உருளையை மாற்ற வேண்டும். நம் ஊருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஐப்பசி மழைக்கு முன்பாக மாற்றிவிடுவது நல்லது. இன்னொரு எளிய சோதனை: அழுத்தம் முழுமையாக ஏறியதும் டிரையரிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். சேர்ந்த ஈரத்தை அது வெளியே தள்ளும் சத்தம். அது வரவே இல்லை என்றாலும், விடாமல் சீறிக்கொண்டே இருந்தாலும் கோளாறு.

தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் விஷயம் கம்ப்ரசர் வரை போகிறது. ரிங் தேய்ந்த கம்ப்ரசர் எஞ்சின் ஆயிலைக் காற்றோடு அனுப்பும். அந்த ஆயில் டிரையர் மணிகளைப் பூசி மூடிவிடும், வால்வுகளுக்குள் பசை போலப் படியும், ரப்பரையும் ஊற வைக்கும். இங்கே ஒரு விஷச் சுழல் இருக்கிறது. பையில் சின்னக் கசிவு இருந்தால் அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். ஓய்வில்லாமல் ஓடும் கம்ப்ரசர் சூடாகி அதிக ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் டிரையரைக் கெடுக்கும், டிரையர் கெட்டால் தண்ணீர் உள்ளே போகும், வால்வு துருப்பிடிக்கும், கசிவு மேலும் கூடும். ஆரம்பத்தில் சோப்புத் தண்ணீரும் ஒரு புது இணைப்பும் போதுமாக இருந்த வேலை, ஆறு மாதத்தில் கம்ப்ரசர் வரை இழுத்துவிடும்.

அடுத்த எதிரி ஷாக் அப்சர்பர். ஸ்பிரிங் பட்டை வண்டியில் ஷாக் போனாலும் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக் கொஞ்சம் குலுக்கலை அடக்கும். காற்றுக்கு அந்த உராய்வு கிடையாது. அதோடு, பல வண்டிகளில் ஆக்சில் கீழே தொங்கும்போது 'இதற்கு மேல் இறங்காதே' என்று பிடித்து நிறுத்துவதும் ஷாக்தான். அது செத்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் பை மேலும் கீழும் பிய்த்து இழுக்கப்படும். கடைசியில் மேல்தட்டை ஒட்டிய விளிம்பில் ரப்பர் பிரிந்துவிடும். பொள்ளாச்சி லாரியில் மூன்று பைகளும் அதே இடத்தில்தான் போயிருந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் தடவையோடு முடிந்திருக்கும். பழைய பையைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் எங்கே, எப்படிக் கிழிந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கைச் சோதிப்பது சுலபம். மேடு பள்ளமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பக்க ஷாக்குகளின் உடம்பையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது செத்துவிட்டது. மேலே லேசாக ஆயில் ஈரம் தெரிவது பெரிய குற்றமல்ல. ஆயில் வழிந்து தூசி அப்பிக்கிடந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது, நாமே செய்யும் தவறு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று சேஸ் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் பழக்கம் இருக்கிறதே, காற்றுப்பை உள்ள வண்டிக்கு அது ஆகாது. ஆயில் பட்ட ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகி, உள்ளே இருக்கும் நூல் அடுக்கிலிருந்து பிரியும். பையைக் கழுவச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர், நீராவிப் பீச்சு எதுவும் வேண்டாம்.

வயல்காட்டுக்குள் போகும் வண்டிக்குக் கூடுதலாகச் சில தொல்லைகள் உண்டு. களிமண்ணும் சரளைக் கல்லும் பைக்கும் அதன் கீழே உள்ள பிஸ்டனுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு, பை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். யூரியா, பொட்டாஷ் ஏற்றியபின் சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து பையின் இரும்புத் தட்டையும் வால்வையும் அரிக்கும். உர லோடு இறக்கிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். களத்து மேட்டிலோ கொட்டகையிலோ நிறுத்தும் வண்டியில் எலி நைலான் குழாயைக் கடித்துவிடும். காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து 'பை போச்சு' என்று முடிவு கட்டாமல், முதலில் குழாயைப் பாருங்கள்.

பாடியில் வெல்டிங் செய்யும்போது தெறிக்கும் நெருப்புப்பொறி பையில் விழுந்தால் அன்றைக்குத் தெரியாது, மாதம் கழித்து அதே இடத்தில் ஊதும். ஈரச் சாக்கால் மூடிவிட்டு வெல்டிங் வையுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க

இரவு நிறுத்தும்போது அழுத்தத்தை முழுமையாக ஏற்றி, மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஓரளவு இறங்குவது பழைய வண்டியில் சகஜம். கால் மணி நேரத்திலேயே முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் லோடு ஏற்றாதீர்கள்.

பிறகு சோப்புத் தண்ணீர். பெயின்ட் பிரஷ்ஷால் பையின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, குழாய் நுழையும் இடம், வால்வின் வெளியேற்றும் துளை என்று ஒவ்வொன்றாகத் தடவுங்கள். குமிழி காட்டிக் கொடுத்துவிடும். நைலான் குழாயை வெட்டி மாற்றும்போது கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிச் செருகுவது நம் ஊரில் பரவலாக நடக்கும் தவறு. கூரான கத்தியால் நேராக, செங்குத்தாக வெட்டினால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாகப் பிடிக்கும். சைலன்சர் பக்கம் குழாய் போகக் கூடாது.

பையின் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; வெயிலில் கிடக்கும் எந்த ரப்பருக்கும் அது வரும். கீறலுக்குள் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்தப் பை முடிந்தது. பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூபுக்கு வெளியே டயர் இருந்து தாங்குகிறது. இந்தப் பைக்கு வெளியே எதுவும் இல்லை. அதுவேதான் எடையைச் சுமக்கிறது.

மாற்றும்போது உயிர் முக்கியம்

இந்தப் பகுதியை மெக்கானிக்குக்கும் படித்துக் காட்டுங்கள். காற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் சேஸ், காற்று போனால் ஒரு நொடியில் இறங்கிவிடும். அடியில் படுத்திருப்பவருக்கு நகர நேரம் இருக்காது. ஜாக்கியை நம்பி உள்ளே போகக் கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேஸின் அடியில் கனரக ஸ்டாண்ட் கொடுத்து, எடை முழுவதும் ஸ்டாண்டில் இறங்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். தோட்டத்து மண் தரையில் ஸ்டாண்ட் புதைந்து சாயும். தடித்த இரும்புத் தகடோ பலகையோ அடியில் போடுங்கள். முடிந்தால் சிமென்ட் தளத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.

சாவியைக் கழற்றி, அடியில் வேலை செய்பவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். லிப்ட் ஆக்சில் சில வண்டிகளில் சுவிட்ச் போட்டதும் தானாக இறங்கும், சிலவற்றில் அணைத்ததும் இறங்கும், காற்று குறைந்தாலும் இறங்கும். தூக்கி நிற்கும் சக்கரத்தின் கீழே கையையோ தலையையோ விடாதீர்கள்.

அடுத்து, பையிலுள்ள காற்றை முழுமையாக வெளியேற்ற வேண்டும். உயர வால்வு உள்ள வண்டியில் கம்பியைக் கழற்றிக் கையைக் கீழே தள்ளினால் காற்று போய்விடும். அழுத்தம் இருக்கும்போதே குழாயின் நட்டைத் திருகி 'புஸ்ஸென்று விடலாம்' என்று நினைப்பது ஆபத்து. தெறித்துவரும் இணைப்பு கண்ணைப் பறித்துவிடும். புதுப்பை நன்றாக இருக்கிறதா என்று வண்டியில் பொருத்தும் முன் கம்ப்ரசர் வைத்து ஊதிப் பார்ப்பவர்களும் உண்டு. கட்டுப்பாடு இல்லாமல் ஊதப்படும் பை வெடித்தால் அதன் இரும்புத் தட்டு குண்டு போலப் பாயும். செய்யவே கூடாது.

புதுப்பை வாங்கும்போது கண்ணளவு பார்த்து வாங்காதீர்கள். பழைய பையில் உள்ள பாக எண்ணைக் கொண்டுபோங்கள். அழிந்துவிட்டால் வண்டியின் சேஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பைகள் உயரத்திலும் சுமக்கும் எடையிலும் வேறுபடும். ரப்பரில் தயாரிப்புத் தேதி அச்சாகியிருந்தால் அதையும் பாருங்கள். கடை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பை புதுசு அல்ல. வயதாகி ஒரு பக்கம் போயிருந்தால் மறு பக்கத்துக்கும் அதே வயதுதான். இரண்டையும் மாற்றிவிட்டு, நல்ல நிலையில் உள்ள பழையதை அவசரத்துக்கு வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது பிஸ்டனில் துருவோ கூரான விளிம்போ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பை முறுக்கு இல்லாமல் நேராக உட்கார வேண்டும். நட்டுகள் சிறியவை. சக்கர நட்டுக்குப் போடும் பலத்தைப் போட்டால் ஸ்டட் அறுந்துவிடும். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்கச் சொல்லுங்கள். முதல் லோடு போய்வந்ததும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். காற்றை ஏற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பை சீராக விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். மடிப்பு விழுந்த பையில் வேகமாகக் காற்றை விட்டால் மடிப்பிலேயே நூல் அறும்.

கடைசியாக உயரம். சமதளத்தில் நிறுத்தி, அழுத்தம் முழுமையாக ஏறியபின், ஆக்சிலுக்கும் சேஸுக்கும் இடையிலான உயரத்தை இரண்டு பக்கமும் டேப்பால் அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். 'வண்டி கொஞ்சம் தூக்கலாக நிற்கட்டும், வயல் வரப்பில் தட்டாது' என்று உயர வால்வின் கம்பியை வளைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஷாக் எப்போதும் நீண்டே நிற்கும், பை இழுபடும், புரொபெல்லர் ஷாப்டின் கோணம் மாறி கிராஸ் தேயும். உயரத்தில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து மூன்று இடத்தில் செலவு வைத்துக்கொள்வது அது.

லிப்ட் ஆக்சில் வைத்திருப்பவர்களுக்கு

இதில் இரண்டு வகைப் பைகள் இருக்கும். ஒன்று சுமக்கும் பை, மற்றது தூக்கும் பை. ஆக்சிலைத் தூக்கும்போது சுமக்கும் பையின் காற்று வெளியேறி, தூக்கும் பை நிரம்ப வேண்டும். வால்வு சிக்கினால் இரண்டிலும் காற்று இருந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். ஆக்சில் அரைகுறையாகத் தூக்கி, டயர் சாலையில் உரசிக்கொண்டு வருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சுமக்கும் பைக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை ரெகுலேட்டர் தீர்மானிக்கிறது. அதைத் திருகி விளையாட வேண்டாம். அழுத்தம் குறைவாக இருந்தால் எடை பக்கத்து ஆக்சிலின் தலையில் விழும். அதிகமானால் எஞ்சின் இழுக்கும் சக்கரத்திலிருந்து எடையை எடுத்துவிடும். மழையில் அந்தச் சக்கரம் வழுக்கிச் சுற்றும்.

டயர் மிச்சம் என்று லோடோடு ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவது மிகக் கெட்ட பழக்கம். மத்திய அரசு 2018 ஜூலையில் ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன்னானது; இரட்டை ஆக்சிலுக்கு 19 டன் 21 டன்னானது. லிப்ட் ஆக்சில் தரையில் இருக்கிறது என்ற கணக்கில்தான் உங்கள் வண்டியின் மொத்த எடை எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் மிச்ச ஆக்சில்கள் அத்தனையையும் சுமக்கும். சட்டப்படியும் குற்றம், பேரிங்குக்கும் பட்டைக்கும் கேடு.

பாடி கட்டும் இடத்தில் 'ஒரு லிப்ட் ஆக்சில் சேர்த்துத் தருகிறோம்' என்றோ, 'பட்டையை எடுத்துவிட்டு பெல்லோ போட்டுத் தருகிறோம்' என்றோ யாராவது சொன்னால் ஆசைப்படாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். எப்.சி. தேதியை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விற்பவர் வண்டியைக் கழுவி, காற்று ஏற்றி, தயாராக நிறுத்தியிருப்பார். நீங்கள் போனதும் டேங்குகளிலுள்ள காற்றை முழுமையாகத் திறந்துவிடச் சொல்லுங்கள். வரும் தண்ணீரையும் ஆயிலையும் பாருங்கள். பிறகு எஞ்சினைப் போட்டு, காற்று ஏற எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தப் பக்கம் முதலில் எழுகிறது, எழுந்தபின் சாய்கிறதா என்று கவனியுங்கள். அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். லிப்ட் ஆக்சிலை நாலு முறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். டயர்கள் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் புஷ்கள் போய், ஆக்சில் கோணலாக ஓடியிருக்கலாம். புஷ் பக்கத்தில் இரும்பு இரும்பில் உரசிய பளபளப்புத் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அறுவடை முடிந்து மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால், காற்று இறங்கிய பைகளின் மேல் சேஸை உட்கார விடாதீர்கள். மடிந்த இடத்திலேயே ரப்பர் வெடிக்கும். சேஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, டேங்க் தண்ணீரை வடித்து, நிழலில் நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் போட்டுக் காற்றேற்றி விடுங்கள்.

வழியில் பை போய்விட்டால், முதலில் வண்டியை ஓரங்கட்டி பிரேக் அழுத்தத்தைப் பாருங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் நகர்த்த வேண்டாம். பிரேக் அழுத்தம் நிலையாக நின்றால், காற்றை இறக்கிவிட்டு, கிழிந்த பைக்குப் போகும் குழாயை அடைப்பான் போட்டு மூடி, லோடின் ஒரு பகுதியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, அருகில் உள்ள ஒர்க் ஷாப் வரை மெதுவாகக் கொண்டுபோகலாம். அந்த அளவுக்கு ஏற்ற அடைப்பான் இரண்டும், ஒரு மீட்டர் நைலான் குழாயும், இரண்டு இணைப்புகளும் டூல் பெட்டியில் இருக்கட்டும்.

பொள்ளாச்சி லாரியில் இப்போது டிரைவர் கதவின் உட்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். டிரையர் மாற்றிய தேதி, ஷாக் மாற்றிய தேதி, இரண்டு பக்க உயரம், திங்கள்தோறும் டேங்கில் தண்ணீர் வந்ததா இல்லையா என்ற குறிப்பு. நான்காவது பை ஓடத் தொடங்கி இரண்டாவது ஆண்டு நடக்கிறது.